தப்பு மெட்டு

கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வதா, இடப்பக்கத்து நாற்காலியிலேயே இருக்க விடுவதா என்று மங்கையர்க்கரசியால் முடிவு செய்ய முடியவில்லை. கழுத்தில் அட்டை மாட்டிய ஒரு பெண் வந்து, "இங்க யாராவது வராங்களாம்மா?" என்று கேட்டபோது நாக்கு அவளைக் கேட்காமலே "வராங்க" என்று சொல்லிவிட்டது. அந்தப் பெண்ணும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். இனி பையை எடுத்தால் சொன்னது பொய் என்று தெரிந்துபோகும், எடுக்காவிட்டாலும் அது பொய்தான். யார் வரப்போகிறார்கள்? வரவேண்டிய மனுஷன் போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. இருந்தும் இந்த ஹாலுக்குள் நுழைந்ததும் கால் பாட்டுக்கு மூன்றாவது வரிசைக்குப் போய், இடது ஓரத்தில் ஒரு நாற்காலியை விட்டுவிட்டு அடுத்ததில் அவளை உட்காரவைத்துவிட்டது. கல்யாணப் பந்தியிலும் அப்படித்தான், பஸ்ஸிலும் அப்படித்தான், டாக்டர் அறைக்கு வெளியே போட்டிருக்கும் பெஞ்சிலும் அப்படித்தான். தயாளனுக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் வடிந்து வடிந்து, ஏழாம் வகுப்பு முடிவதற்குள் அந்தக் காது கடையைக் கட்டிவிட்டது. அதனால் யாரோடு உட்கார்ந்தாலும் அவருக்கு அந்த ஆளின் இடப்பக்கம்தான் வேண்டும், அப்போதுதான் நல்ல காது பேச்சின் பக்கம் இருக்கும். இருபத்துமூன்று வருஷம் அரசியின் இடப்பக்கம் அவருக்கென்று பட்டா போட்ட இடம். அரசி என்று அவர்தான் கூப்பிடுவார். முழுப்பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும் என்பார். இப்போது எதிர் போர்ஷன் விசாலம் முழுப்பெயரைத்தான் சொல்கிறாள், அதுவும் ஒருமாதிரி இழுத்து. விசாலத்திடம் வடபழனி கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். புருஷன் போய் இரண்டாவது திவசம் வரவில்லை, அதற்குள் பாட்டுக் கச்சேரி கேட்குதா என்று விசாலம் வாயால் கேட்கமாட்டாள், கண்ணால் கேட்பாள். ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணைக்கு ஒன்பது பொய் வேண்டும் என்கிற மாதிரி, விசாலம் உடனே, வரும்போது எனக்குக் கொஞ்சம் விபூதி கொண்டுவாங்க, முட்டி வலிக்குப் பூசணும் என்று சொல்லிவிட்டாள். இந்தச் சிந்தாதிரிப்பேட்டையில் விபூதிக்கு எங்கே போவது? வீட்டில் சுவாமி அலமாரியில் இருப்பதைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்துவிடலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். விசாலத்தின் முட்டியும் வித்தியாசம் கண்டுபிடிக்காது.

மூடிக்கிடந்த ஓர் அச்சகத்துக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்த ஹால். ஞாயிற்றுக்கிழமை, மணி நாலுகூட ஆகவில்லை, ஜன்னல் வழியாக வந்த வெயில் மேடையில் கிடந்த ஒயர்களின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மேடை என்றால் மேடையில்லை, ஒரு முழ உயரத்துக்குப் பலகை. அறுபது நாற்காலி இருக்கும், பாதி நிறைந்திருந்தது. வந்திருந்தவர்களில் அவளைவிட வயதானவர் ஒருவரையும் காணோம், எல்லாம் மகள் கயல்விழி வயசுப் பிள்ளைகள். எல்லோரும் ஜோடியாகவோ கும்பலாகவோ வந்து, செருப்பைக் கழற்றலாமா கூடாதா என்று வாசலில் தயங்கிச் சிரித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். அவள் கழற்றிவிட்டாள். வெறுங்காலை நாற்காலிக்கடியில் இழுத்துக்கொண்டாள். இப்படி ஓர் இடத்துக்குத் தனியாக வந்து உட்கார்ந்ததே இல்லை. தனியாக ஓட்டலுக்குப் போனதில்லை, சினிமாவுக்குப் போனதில்லை, இழவுக்குக்கூட யாராவது துணையோடுதான். எழுந்து போய்விட்டால் என்ன? வாசலில் பெயரைச் சொல்லி நுழைந்தாயிற்று, போனால் யார் தேடப்போகிறார்கள்? ஆனால் போனால் அந்த மெட்டு திரும்பக் கிடைக்காது. போனால்தான் கிடைக்காதா, இருந்தாலும் கிடைக்காதா, அதுவே தெரியவில்லை. அவள் பாட்டுக் கேட்க வரவில்லை. தொலைத்த பொருளைத் தேடி வந்திருக்கிறாள். பாட்டு அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். "கதவைச் சாத்தாதே, இன்னும் ஒருத்தர் வரணும்" என்று ஆரம்பிக்கும் அந்தப் பாட்டை ஒன்பது வருஷம் கேட்டிருக்கிறாள். அவளுக்குத் தொலைந்துபோனது அந்தப் பாட்டைத் தயாளன் தப்புத்தப்பாக முனகுவாரே, அந்தத் தப்பு மெட்டு. போட்டோ இருக்கிறது, கயல் கல்யாண வீடியோவில் அவர் பந்தி பரிமாறுகிறவரை விரட்டுகிற சத்தம்கூட இருக்கிறது, சட்டையில் வாசனைகூட ஆறு மாதம் வரைக்கும் இருந்தது. அந்த முனகலை மட்டும் யாரும் பிடித்து வைக்கவில்லை. யார் பிடித்து வைப்பார்கள்? அது என்ன பெரிய கச்சேரியா? அவர் போன புதிதில் அது அவள் தலைக்குள் தெளிவாகத்தான் இருந்தது. பாத்திரம் தேய்க்கும்போது வரும், குழாயை மூடினால் நிற்கும். பிறகு ஆடி மாதம் ஒரு நாள் தேடிப் பார்த்தால் இல்லை. அவர் எந்த இடத்தில் தப்பாகத் திரும்புவார் என்று நினைக்கப் பார்த்தால், பாட்டின் சரியான மெட்டுத்தான் முந்திக்கொண்டு வந்து நின்றது. அன்றைக்கு அவள் அழுத அழுகை, காடாற்றிய அன்றுகூட அழாத அழுகை. மனுஷன் இரண்டாம் தடவை செத்த மாதிரி இருந்தது அவளுக்கு.

நாலாம் பிளாட்பாரம் என்பது அந்தப் பாட்டுக் குழுவின் பெயர். பெயருக்காகத்தான் தயாளன் அந்த சிடி வட்டை வாங்கினார். பதினொரு வருஷத்துக்கு முன்னால் புத்தகக் கண்காட்சியில் ஒரு மூலைக் கடையில், அட்டையில் மின்சார ரயில் ஸ்டேஷன் படம் போட்டு அடுக்கியிருந்தது. பாட்டு எப்படியோ, ஸ்டேஷன் நம்ம குரோம்பேட்டை மாதிரியே இருக்கு பாரு என்று வாங்கிவந்துவிட்டார். வீட்டில் அதைப் போட மிஷின் கிடையாது. அவருடைய பாரிமுனை மருந்து மொத்தக்கடையில் கணினி பார்க்கிற ஒருவர், கைக்குள் அடங்குகிற ஒரு பாட்டுப்பெட்டியில் ஏற்றிக்கொடுத்தார். அதற்கு ஸ்பீக்கர் கிடையாது, காதில் மாட்டித்தான் கேட்கவேண்டும். காலையில் எட்டு பன்னிரண்டு ரயில். அவள் ஆபீஸுக்குப் பூங்கா ஸ்டேஷனில் இறங்கவேண்டும், அவர் கோட்டை வரைக்கும் போகவேண்டும். பெண்கள் பெட்டியில் இடம் கிடைக்கும், ஆனாலும் அவள் அவரோடு பொதுப் பெட்டியில்தான் ஏறுவாள். அவர் இடப்பக்கம், அவள் வலப்பக்கம், நடுவில் தொங்குகிற ஒயர். அதில் ஒரு மொட்டு அவருடைய வலது காதில், இன்னொன்று அவளுடைய இடது காதில். அவருடையதில் ஆர் என்று எழுதியிருக்கும், அவளுடையதில் எல். இது அவரது ரேஷன் கார்டு, இது என்னுடையது என்று பிரித்துக்கொண்ட மாதிரி, ஒரு நாளும் மாறியதில்லை. மாற வழியும் இல்லை. பல்லாவரம், மீனம்பாக்கம், பரங்கிமலை என்று போகப்போகக் கூட்டம் மேலே சாயும், யாரோ ஒருவருடைய டிபன்பாக்ஸ் விலாவில் குத்தும், இரண்டு பேரும் ஒயர் அறுந்துவிடாமல் தலையைச் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். வீட்டில் மாமியார் படுத்த படுக்கை, கயலுக்குப் பரீட்சை, இரண்டு பேரும் நின்று பேச நேரமிருக்காது. பேசியதெல்லாம் அந்த முப்பத்தைந்து நிமிஷத்தில்தான், அதுவும் பாட்டுக்கு நடுவில். முதல் மாதத்திலேயே ஒரு நாள் தயாளன், அந்தம்மா என்னமா பாடுது இல்ல என்றார். அவள் மூன்றாவது பாட்டைச் சொல்கிறார் என்று நினைத்து ஆமாம் என்றாள். மூன்றாவது பாட்டில் ஒரு பெண் குரல் உண்டு. ஒரு தடவை இவர்கள் கச்சேரிக்குப் போகணும் அரசி என்று அவர் சொல்லாத வருஷம் இல்லை. கச்சேரி வருகிற அன்றைக்கு மாமியாருக்கு மூச்சு வாங்கும், அல்லது கடையில் ஸ்டாக் எடுப்பார்கள். மாமியார் போய்ச் சேர்ந்து, கயலைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பி, இனி என்ன, ஊர் சுற்றவேண்டியதுதான் என்று அவர் சொல்லி நாலு மாதம் ஆகவில்லை, கடை மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டாராம், கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டதாம். சர்க்கரை இருந்தது, ஆனால் அளவோடுதான் இருந்தது. எல்லாம் அளவோடுதான் இருந்தது அவரிடம்.

அந்த ஒரு பாட்டை மட்டும் அவர் கெடுப்பார். மற்றப் பாட்டெல்லாம் ஒழுங்காக முனகுவார், இதற்கு வந்தால் போச்சு. மெட்டு மேலே ஏறுகிற இடத்தில் இவர் கீழே இறங்குவார், அது நின்று மூச்சு வாங்குகிற இடத்தில் இவர் நீட்டுவார், கடைசியில் எங்கேயோ சுற்றிக்கொண்டு ஆடி அசைந்து வந்து சேருவார். முதலில் வேடிக்கையாக இருந்தது. அவள் கேலி செய்வாள், எதிர் சீட்டில் தினமும் வருகிற போஸ்டாபீஸ்காரர் ஒருவர் அதற்குச் சிரிப்பார். ஒன்பது வருஷத்துக்கு ஒரே வேடிக்கை இனிக்குமா? அன்றைக்குக் காலையில் தண்ணீர் லாரி வரவில்லை, மேலதிகாரி வேறு முந்தின நாள் ஏதோ சொல்லியிருந்தார், தலை விண்விண்ணென்று தெறித்தது. சைதாப்பேட்டை தாண்டியதும் அந்தப் பாட்டு வந்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். அவள் காதிலிருந்து மொட்டைப் பிடுங்கிவிட்டு, பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு வர்றீங்களா? ஒன்பது வருஷமா ஒரு பாட்டைக் கொலை பண்றீங்க" என்றாள். போஸ்டாபீஸ்காரர் சிரிக்கவில்லை. அதுதான் ரொம்ப மோசமாக இருந்தது, அந்த ஆள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது. தயாளன் கோபப்படவில்லை. கோபப்படுகிற மனுஷன் இல்லை. காதைத் தொட்டுக்கொண்டு, "என் காது லட்சணம் உனக்குத் தெரியாததா அரசி. பாதிக் காதுக்குப் பாதிப் பாட்டு" என்று சொல்லிச் சிரித்தார். அதோடு சரி. அப்புறம் எட்டு மாதம் உயிரோடு இருந்தார், எட்டு மாதமும் அந்தப் பாட்டு வரும்போது வாயைத் திறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரலால் முட்டியில் தட்டிக்கொண்டு வருவார். அவளுக்கு முதல் வாரமே தெரிந்துவிட்டது, வேண்டுமென்றுதான் அடக்கிக்கொண்டு வருகிறார் என்று. பாடுங்களேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. நாளைக்குச் சொல்லலாம், மாம்பலம் வந்ததும் சொல்லலாம், அவராகவே மறந்துவிட்டுப் பாடுவார், அப்போது சும்மா இருந்துவிடலாம் என்று தள்ளித்தள்ளி, பூங்கா வந்துவிடும், இறங்கிவிடுவாள். அவர் போனபிறகு பர்ஸைக் குடைந்தபோது சீசன் டிக்கெட்டுக்குப் பின்னால் நாலாக மடித்த ஒரு காகிதம் இருந்தது. காது டாக்டர் ஒருவருடைய சீட்டு. கயல் படித்துச் சொன்னாள், இடது காதில் பழைய குறை, வலது காதில் ஒரு குறையும் இல்லை என்று போட்டிருக்கும்மா. தேதி பார்த்தால் ரயிலில் சண்டை போட்ட மறு வாரம். எதற்குப் போனார், ஏன் சொல்லவில்லை? தலைசுற்றல் வந்திருக்கும், அப்போதே உடம்பு ஏதோ காட்டியிருக்கும், மறைத்துவிட்டார் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அதற்காக அவர் மேல் ஆத்திரம்கூட இருந்தது. செத்தவர் மேல் ஆத்திரப்பட்டு என்ன ஆகப்போகிறது, இருந்தாலும் இருந்தது. பாட்டுப்பெட்டியை ஒரே ஒரு தடவை எடுத்துக் கேட்கப் பார்த்தாள். தன்னுடைய மொட்டைக் காதில் மாட்டிக்கொண்டாள், மற்றது மடியில் கிடந்தது. அதை எடுத்து இன்னொரு காதில் வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றவே இல்லை, அது அவருடையது. பாட்டு ஆரம்பிப்பதற்குள் அணைத்துவிட்டாள்.

கைதட்டினார்கள். நாலு பேர் பலகையில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள், அவள் கவனிக்கவே இல்லை. கிடார் வைத்திருந்தவர்தான் அந்தப் பாட்டைப் பாடுகிற எட்வின், பாதி நரைத்த தாடி, வேட்டி. ஒன்பது வருஷமாகக் காதில் கேட்ட குரலுக்கு அவள் ஒரு முகம் போட்டு வைத்திருந்தாள், ஒல்லியாக, கண்ணாடி போட்டு, சுமாராகத் தயாளன் ஜாடையில். இவர் குண்டாக இருந்தார். பக்கத்தில் வயலினோடு யசோதா என்கிற பெண், நாற்பது நாற்பத்தைந்து இருக்கும், பள்ளிக்கூட டீச்சர் மாதிரி பருத்திப் புடவை. பின்னால் டிரம்காரர் ஒருவர், மவுத்ஆர்கன் வாசிக்கிறவர் ஒருவர். முதல் பாட்டு புதிது, அவளுக்குத் தெரியாது. இரண்டாவதும் தெரியாது. பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து பாடினார்கள். இவர்கள் இத்தனை வருஷத்தில் வேறு பாட்டெல்லாம் போட்டிருக்கிறார்கள், அவளும் தயாளனும் அந்த எட்டுப் பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு குரோம்பேட்டைக்கும் பூங்காவுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவேளை அந்தப் பாட்டை இப்போது பாடுவதில்லையோ? பாடாவிட்டால் நல்லது. பாடாவிட்டால் வந்தது வீண். பாடினால்? இவ்வளவு பெரிய ஸ்பீக்கரில், இவ்வளவு கிட்டத்தில், சரியான மெட்டு வந்து காதில் இறங்கினால், எங்கேயோ மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தப்பு மெட்டும் துடைத்துக்கொண்டு போய்விடாதா? மாக்கோலத்தின் மேல் வாளித் தண்ணீரைக் கொட்டின மாதிரி. வராமலே இருந்திருக்கலாம். இப்போது எழுந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பெண், இருபத்திரண்டு வயதிருக்கும், முதுகில் மூட்டைப்பையோடு குனிந்தபடி வந்து, இது காலியா ஆன்ட்டி என்று பையைக் காட்டிக் கேட்டாள். காலிதான். வேறு என்ன சொல்வது? அரசி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் உட்கார்ந்தாள். அவளுடைய வலது காதில் ஒரு சின்ன வெள்ளைக் கல் கம்மல், அரசியின் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில். இருபத்துமூன்று வருஷத்து இடம், ஒரு நொடியில் கைமாறிவிட்டது. அந்தப் பெண் மேல் கோபம் வந்தது, பாவம் அவள் என்ன செய்வாள் என்றும் வந்தது.

எட்வின் கிடாரைத் தட்டிச் சரிபார்த்துவிட்டு இரண்டு தந்தியை மீட்டினார், அவ்வளவுதான். தந்தி மீட்டுகிற அந்த ஓசைக்குப் பின்னாலேயே கிண்டி ஸ்டேஷன் வந்துவிட்டது, தேங்காயெண்ணெய் வாசனை, வேர்வை, ஜன்னல் கம்பியின் சூடு எல்லாம் வந்துவிட்டது. கதவைச் சாத்தாதே, இன்னும் ஒருத்தர் வரணும். குரல் அதே குரல், கொஞ்சம் தடித்திருந்தது. இதற்குப் பிள்ளைகள் யாரும் சேர்ந்து பாடவில்லை. அவரைத் தவிர வேறு யாரும் வாசிக்கவில்லை, ஒரு கிடார், ஒரு குரல், அவள் காதில் எப்போதும் கேட்டது அதுதான். அரசி கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கம் காதைச் சாய்த்தாள். இங்கேதான் திரும்புவார், இந்த இடத்தில்தான், இலையைப் போட்டு வைத்திருக்கிறேன், விளக்கைத் தூண்டி வைத்திருக்கிறேன் என்று மேலே போகிற இடம், வாங்க, இறங்குங்க, தப்பாப் பாடுங்க. ஒன்றும் வரவில்லை. பாட்டு தன் பாட்டுக்கு மேலே ஏறியது, அதன் கூடவே அவள் மனசும் ஏறியது, கீழே ஒருவரும் இல்லை. இரண்டாவது சரணத்தில் முயன்றாள். தயாளனுடைய தொண்டையை நினைத்துப் பார்த்தாள், சவரம் செய்கிறபோது தப்பிவிடுகிற அந்த நாலு வெள்ளை முடியை நினைத்தாள், முட்டியில் தட்டுகிற விரலை நினைத்தாள். விரல் வந்தது. சத்தம் வரவில்லை. எட்டு மாதம் வாயை மூடியிருந்தாரே, அதுதான் இப்போதும் வந்து உட்கார்ந்திருந்தது, வாயை மூடிய தயாளன். நான் மூடவைத்த வாய். பாட்டு முடிந்தது. கைதட்டல். அவளும் தட்டினாள், தட்டாமல் இருந்தால் பக்கத்திலிருக்கிற பெண் பார்ப்பாள் என்று தட்டினாள். எல்லாம் போய்விட்டது, வீட்டுக்குப் போகலாம், விசாலத்துக்கு விபூதி மடிக்கவேண்டும்.

எட்வின் கையைக் காட்டித் தட்டுவதை நிறுத்தினார். இன்னும் முடியவில்லை, இது பாதிப் பாட்டுதான் என்றார். எங்களைப் பழைய காலத்திலிருந்து கேட்கிறவர்களுக்கு எங்கள் வழக்கம் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். முதல் வட்டுக்காக இந்தப் பாட்டைப் பதிவு செய்தபோது ஒரு விளையாட்டு விளையாடினோம். வீட்டுக்குள் காத்திருக்கிற ஆளின் பாட்டை இடது காதில் மட்டும் வைத்தோம். வழியில் வந்துகொண்டிருக்கிற ஆளின் பாட்டை வலது காதில் மட்டும் வைத்தோம். அந்த ஆளுக்கு வார்த்தை கிடையாது, வெறும் மெட்டுதான், யசோதா பாடியது. இரண்டு காதிலும் மாட்டிக் கேட்டால்தான் அவர்கள் ஒருவரையொருவர் சந்திப்பார்கள். பாவம், அந்தக் காலத்தில் ஒரே ஒயரை இரண்டு பேர் பங்குபோட்டுக் கேட்டவர்கள் எல்லாம் ஆளுக்கொரு பாட்டைக் கேட்டிருப்பார்கள் என்று சொல்லிச் சிரித்தார், பிள்ளைகளும் சிரித்தார்கள். அதனால் மேடையில் மூன்று தடவை பாடுவோம். முதலில் இடது காது, பிறகு வலது காது, பிறகு இரண்டும். அரசிக்கு அவர் சொன்னது உள்ளே போக நேரம் பிடித்தது. ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது, சேர்த்துப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. இடது காது. எல் என்று எழுதிய மொட்டு. யசோதா வயலினைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, ம் என்று எடுத்தாள். ஒரு பெண் குரல், வார்த்தையில்லாமல், எங்கேயோ தூரத்தில் நடந்துவருகிற மாதிரி. அரசி ஏறும் என்று நினைத்த இடத்தில் அது இறங்கியது. நின்று மூச்சு வாங்கும் என்று நினைத்த இடத்தில் அது நீண்டது. கடைசியில் எங்கேயோ சுற்றிக்கொண்டு, ஆடி அசைந்து, வந்து சேர்ந்தது. அது தயாளன்தான். ஒரு வளைவு விடாமல், ஒரு இழுப்பு விடாமல், அவர்தான். பல்லாவரத்திலும் மாம்பலத்திலும் கண்ணை மூடிக்கொண்டு அவர் முனகியது அத்தனையும், ஒன்பது வருஷம் அவள் கேலி செய்தது அத்தனையும், சுத்தமாக, சுருதியாக, சரியாக அங்கே நின்றது. அந்தம்மா என்னமா பாடுது இல்ல.

அவர் ஒரு நாளும் தப்பாகப் பாடவில்லை. அதைத்தான் அவள் மனசு முதலில் பிடித்துக்கொண்டது, பிடித்துக்கொண்டு ஒரு வினாடி சந்தோஷமாகக்கூட இருந்தது, கிடைத்துவிட்டது, கிடைத்துவிட்டது என்று. அதன் பின்னாலேயே அந்தக் காது டாக்டர் சீட்டு வந்தது. தலைசுற்றலுக்குப் போகவில்லை அவர். ஒன்பது வருஷமாகத் தன் ஒற்றைக் காதில் கேட்பது ஒன்று, பெண்டாட்டி சொல்வது வேறொன்று, இருக்கிற ஒரு காதும் போகிறதோ என்று பயந்து, அவளிடம் சொல்லாமல், கடையில் ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போய் யாரோ ஒரு டாக்டர் முன்னால் உட்கார்ந்து, மணியடித்தால் கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து அவள் முகத்தில் வீசவில்லை. இதோ பாரடி, என் காது நல்ல காது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அப்போ இந்த மொட்டைப் போட்டுப் பாருங்க என்று அவள் மாற்றிக் கொடுத்திருப்பாளோ என்னவோ. மாற்றியிருக்க மாட்டாள். டாக்டருக்கு என்ன தெரியும் என்றிருப்பாள். அவருக்கும் அது தெரியும். டாக்டர் சொல்லியும் அவர் அவளைத்தான் நம்பினார், காகிதத்தை நாலாக மடித்து சீசன் டிக்கெட்டுக்குப் பின்னால் சொருகிவிட்டு வாயை மூடிக்கொண்டார். பாதிக் காதுக்குப் பாதிப் பாட்டு என்று சொன்னாரே. இரண்டு பேருக்கும் பாதிப் பாட்டுதான் கிடைத்திருக்கிறது, அவர் தனக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார். ஒரு காது கேட்காத மனுஷன், அவருக்கு வேறு வழி இல்லை. இரண்டு காதும் நன்றாக இருந்த எனக்கு என்ன வந்தது? ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவர் காதிலிருந்ததை வாங்கி என் காதில் வைத்துப் பார்க்க என்ன வந்தது எனக்கு? எட்வின் மறுபடி தந்தியை மீட்டினார். மூன்றாவது தடவை. கதவைச் சாத்தாதே என்று அவர் ஆரம்பிக்க, யசோதா கீழேயிருந்து எடுத்தாள், இரண்டும் ஒன்றையொன்று முட்டாமல், ஒன்று விட்ட இடத்தில் ஒன்று வந்து, ரயிலில் தலையைச் சேர்த்துவைத்துக்கொண்ட இரண்டு பேர் மாதிரி பக்கத்தில் பக்கத்தில் போயின. தன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருவதை அரசி சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தாள். இறங்குகிற இடத்தில் இறங்கி, நீட்டுகிற இடத்தில் நீட்டி, அவருடைய மெட்டை அவள் பாடிக்கொண்டிருந்தாள். நல்ல குரல் இல்லை, அழுகை வேறு நடுவில் புகுந்து உடைத்தது, இரண்டு வரிசைக்கு முன்னால் ஒரு தலை திரும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. இடப்பக்கத்துப் பெண் நெளிந்தாள், பொறுத்துப் பார்த்தாள், பிறகு அந்த வெள்ளைக் கல் கம்மலோடு குனிந்து, மரியாதையாகத்தான், மெல்லச் சொன்னாள்.

"ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. கொஞ்சம் பாடாம இருக்கீங்களா? பாட்டு கேக்கணும்."

அரசி அவளைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்தப் பெண் கேட்டது நியாயம்தான், அவளுக்கே தெரியும். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பாட்டில் இன்னும் ஒரு சரணம் இருந்தது, வழியில் வருகிற ஆள் இன்னும் வீடு வந்து சேரவில்லை. அவள் பாடுவதை நிறுத்தவில்லை.